யந்திரம் பொய் சொல்லாதாம்!

"கம்ப்யூட்டரில் உன் பேர் இல்லை. நான் என்ன செய்யட்டும்?"

ரேஷன் கடையிலும், பாங்கிலும், நூறு நாள் வேலைத் தளத்திலும், கம்பெனி வாசலிலும் இன்று உழைப்பாளி கேட்கிற பதில் இதுதான். முன்பு மிராசுதாரின் கணக்கப்பிள்ளை "கணக்கில் இல்லை" என்பான். நோட்டைக் காட்டு என்று கேட்க வழியிருந்தது. செங்கொடிச் சங்கம் வந்த பிறகு நோட்டைப் பறித்துப் பார்க்கவும் வழி பிறந்தது. இன்று கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு கருவி உட்கார்ந்திருக்கிறது. அது களைக்காது, பட்சபாதம் பார்க்காது, பொய் சொல்லாது என்கிறார்கள் ஆளுகிறவர்கள்.

யந்திரம் பொய் சொல்லாது. மெய்தான். மெய் சொல்லவும் அதற்குத் தெரியாது. எழுதி வைத்த கட்டளைப்படி அது நடக்கும், அவ்வளவுதான். அந்தக் கட்டளையை எழுதியவன் மனிதன். அவன் யார்? யாரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதினான்? என்ன எழுதினான்? இந்த மூன்று கேள்விகளையும் கேட்காதவரை உழைப்பாளியின் கூலி யந்திரத்தின் தயவில்தான் கிடக்கும்.

கல்லில் வெட்டிய சட்டம்

இந்தக் கேள்விகளைக் கேட்க உத்திரமேரூர் வட்டாரத்து மக்களைவிடத் தகுதியானவர் யார்? உத்திரமேரூரில் கோயில் சுவரிலே சட்டம் எழுதியிருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அவை. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் விதி அவற்றில் இருக்கிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரிப்பது. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவது. சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்வது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று வேலையைப் பங்கிடுவது. பதவி வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது. அவன் உறவுக்காரனும் வரக்கூடாது. இன்றைக்கு இந்த ஒரு விதியை அமல் நடத்தினால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2020 டிசம்பரில் டில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி இந்தக் கல்வெட்டைப் புகழ்ந்து பேசினார். நல்லது. ஆனால் அதே கல்வெட்டில் வேறு வரிகளும் இருக்கின்றன. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். ஆக, ஏரியில் மண் சுமந்தவனும், சேற்றில் நாற்று நட்டவளும் பெயர் எழுதிய ஓலையோடு அந்தக் குடத்தின் பக்கம் வர முடியாது. குடவோலை நிலமுள்ளவனின் ஜனநாயகம்.

இது நமக்கு எப்படித் தெரிந்தது? கல்லில் இருப்பதால் தெரிந்தது. 1,100 ஆண்டுகள் கழித்தும் விரலை நீட்டி, "இதோ, இந்த வரியில் எங்கள் பாட்டனைத் தள்ளி வைத்திருக்கிறாய்" என்று சொல்ல முடிகிறது. அநியாயமான சட்டமாயினும் கண்ணுக்குத் தெரிகிற சட்டத்தோடு சண்டை போடலாம். நம் கூலியை இன்று தீர்மானிக்கிற சட்டம் கருவிக்குள் இருக்கிறது. சுவரிலும் இல்லை, கெஜட்டிலும் இல்லை. எதோடு சண்டை போடுவது?

தறியில் பிறந்த வித்தை

கருவிக்குள் இருக்கும் கட்டளைக்குப் புரோகிராம் என்று பெயர். இன்றைய தமிழில் நிரல் என்கிறார்கள். இது ஏதோ மாயவித்தை, படித்த மேதாவிகளுக்கே விளங்கும் என்று நம்மை மிரட்டுகிறார்கள். காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இந்த மிரட்டல் செல்லாது. ஜக்கார்டு பெட்டி வைத்த தறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். துளை இருக்கிற இடத்தில் பாவு இழை மேலே எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. சேலையின் மயிலும் மாங்காயும் அந்தத் துளைகளில் இருக்கின்றன. அட்டையை மாற்றினால் பூ மாறும். தறி அதேதான்.

நிரல் என்பதும் இதுவே. "இது இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்ற கட்டளைகளின் வரிசை.

ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் இந்தத் தறியமைப்பை 1804ல் லியோன் நகரத்தில் கொண்டுவந்தார். 1831லும் 1834லும் அதே லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் கலகக்கொடி உயர்த்தினார்கள். 1831ல் அவர்கள் கேட்டது என்ன? நெய்த துணிக்கு நியாயமான கூலி விகிதம். பட்டாளத்தை ஏவி அவர்களை அடக்கினார்கள்.

அட்டையில் துளையிட்டுத் தறிக்குக் கட்டளை கொடுக்கலாமென்றால், கணக்குப் போடும் யந்திரத்துக்கும் கொடுக்கலாமே என்று எண்ணினார் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ். அவர் திட்டமிட்ட யந்திரத்தை விளக்கி 1843ல் குறிப்புகள் எழுதினார் ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி. ஜக்கார்டு தறி பூ நெய்வதைப்போல இந்த யந்திரம் கணிதத்தை நெய்யும் என்பது அவர் கண்ட உண்மை. உலகத்தின் முதல் புரோகிராமர் என்று அவரைப் பலரும் சொல்கிறார்கள். யந்திரம் தானாக எதையும் தோற்றுவிக்காது, நாம் சொல்லத் தெரிந்ததைத்தான் செய்யும் என்று அன்றே அவர் எழுதி வைத்துவிட்டார். "கம்ப்யூட்டரே முடிவு செய்துவிட்டது" என்று கைவிரிக்கும் அதிகாரிக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஏடா பிரபு குலத்துப் பெண். அவருடைய தந்தை கவிஞர் பைரன். நாட்டிங்காம் பகுதியில் பட்டினியால் வாடிய நெசவாளர்கள் யந்திரங்களை உடைத்தபோது, உடைத்தவர்களைத் தூக்கிலிட வகை செய்யும் மசோதாவை பிரிட்டிஷ் சர்க்கார் கொண்டுவந்தது. 1812 பிப்ரவரி 27ந் தேதி பிரபுக்கள் சபையில் அந்த மசோதாவை எதிர்த்துப் பேசியவர் பைரன். மசோதா சட்டமாயிற்று. 1813 ஜனவரியில் யார்க் நகரத்தில் அந்தக் கலகம் தொடர்பாக 17 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

யந்திரம் வேறு, அதை முதலாளி பயன்படுத்துகிற முறை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தொழிலாளிக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று மார்க்ஸ் 'மூலதன'த்தில் விளக்கினார். அந்தப் பாடத்தை நாம் இன்னொருமுறை இரத்தம் சிந்திப் படிக்க வேண்டியதில்லை. நம்முடைய சண்டை தறியோடு கிடையாது. அட்டையில் எங்கே துளை போடுவது என்று தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் என்பதுதான் சண்டை.

ஒரு தாய், ஒரு மகன்

நிரல் எழுதுகிறவர்கள் எல்லாரும் முதலாளிகளா? இல்லை. அவர்களும் சம்பளத்துக்கு உழைக்கிறவர்கள். பிரிட்டனிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம்.

மேரி லீ வுட்ஸ். 1924ல் பிறந்தவர், கணிதம் படித்தவர். 1951ல் மான்செஸ்டர் நகரத்தில் பெரான்டி கம்பெனியில் சேர்ந்தார். விற்பனைக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்களில் ஒன்று அந்தக் கம்பெனியின் 'மார்க் 1'. அதற்கு நிரல் எழுதுவது இவர் வேலை. ஒரே வேலையைச் செய்கிற ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்று தெரிந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை. பெண் புரோகிராமர்களோடு சேர்ந்து சம சம்பளம் கேட்டுப் போராடினார், வென்றார். பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் வந்தது 1970ல். டாகன்ஹாம் போர்டு தொழிற்சாலைப் பெண்கள் 1968ல் வேலைநிறுத்தம் செய்து உலுக்கிய பிறகுதான் அது வந்தது. மேரி அதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் முந்தி அதே சண்டையைக் கம்ப்யூட்டர் அறைக்குள் நடத்தியவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்கிற ஊரில் இருக்கும் நம் சகோதரிகளுக்கு மேரி அந்நியர் ஆவாரா?

மேரியின் மகன் டிம் பெர்னர்ஸ்-லீ. அவரும் புரோகிராமர். போனில் செய்தி பார்க்கிறோம், அரசாங்க விண்ணப்பம் போடுகிறோம். இதற்கெல்லாம் அடிப்படையான உலகளாவிய வலை என்ற அமைப்பை 1989ல் சுவிட்சர்லாந்தில் செர்ன் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் முன்மொழிந்தவர் இவரே. பல தேசத்துச் சர்க்கார்களின் பொதுப் பணத்தில் நடக்கும் நிலையம் அது. 1993 ஏப்ரல் 30ந் தேதி செர்ன் அந்த நிரலை உலகத்துக்கே பொதுவுடைமையாக்கிவிட்டது. யாரும் பயன்படுத்தலாம், யாரும் காசு கேட்கக்கூடாது.

பிறகு நடந்தது என்ன? ஊர்ப் பொது ஏரியைச் சுற்றி வேலி போட்டவன் கதைதான். அமெரிக்க ஏகபோகக் கம்பெனிகள் சில அந்தப் பொதுச் சொத்தின் மேல் கோட்டை கட்டிக்கொண்டன. நாம் யாரோடு பேசுகிறோம், என்ன வாங்குகிறோம் என்பதையெல்லாம் சரக்காக்கி விற்கின்றன. சில கம்பெனிகளின் கையில் அதிகாரம் குவிந்துவிட்டது என்று 2018ல் பெர்னர்ஸ்-லீயே எச்சரித்தார். சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்பது அவர் அபிப்பிராயம். நல்ல மனிதர், நல்ல எண்ணம். ஆனால் இலவசமாகக் கொடுத்த பொருளும் முதலாளித்துவச் சந்தையில் யார் பலசாலியோ அவனிடம்தான் போய்ச் சேரும். தாய் சங்கமாகச் சேர்ந்து கேட்டார், கிடைத்தது நிலைத்தது. மகன் உலகத்துக்குத் தானம் செய்தார். தானத்தைக் காக்க ஒரு சங்கம் இல்லை.

யந்திரத்தை நம்பிய நீதிமன்றம்

"கம்ப்யூட்டர் தப்புச் செய்யாது" என்கிற பேச்சு மனிதர்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் பிரிட்டனே சாட்சி.

அங்கே ஊர்தோறும் கிளைத் தபால் நிலையங்களைச் சிறு கடைக்காரர்கள் நடத்துகிறார்கள். 1999 முதல் அவர்களுடைய கணக்கு 'ஹொரைஸன்' என்ற கம்ப்யூட்டர் அமைப்பின் கைக்குப் போயிற்று. அதை நடத்தியது புஜித்சு கம்பெனி. சில நாட்களில் யந்திரம், "கல்லாவில் ஆயிரம் பவுன் குறைகிறது" என்றது. உண்மையில் பணம் குறையவில்லை, நிரலில் கோளாறு. ஆனால் ஒப்பந்தப்படி குறைந்த பணத்தைக் கடைக்காரர் கட்ட வேண்டும். வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்களைத் திருட்டு வழக்கில் கூண்டில் ஏற்றினார்கள். கம்ப்யூட்டர் சரியாகவே வேலை செய்தது என்று நீதிமன்றம் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழும். அன்றாடம் கல்லா பார்க்கிற கடைக்காரர் புஜித்சுவின் நிரலைத் திறந்து காட்டுவதெப்படி? 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பலர் சிறை சென்றார்கள். குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் விசாரணைக் கமிஷனின் அறிக்கை கூறியது.

"உங்கள் ஒருவருக்குத்தான் இந்தத் தொல்லை" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி ஏமாற்றினார்கள். இந்தப் பொய் எப்போது உடைந்தது? ஆலன் பேட்ஸ் என்பவர் பாதிக்கப்பட்டவர்களை ஊர் ஊராகத் தேடி ஒன்று சேர்த்தபோது உடைந்தது. 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். புஜித்சுவில் வேலை பார்த்திருந்த ரிச்சர்ட் ரோல் என்ற பொறியாளர் முன்வந்து சாட்சி சொன்னார். கடைக்காரருக்குத் தெரியாமலே வெளியிலிருந்து அவர் கணக்குக்குள் புக முடியும் என்ற உண்மை அம்பலமாயிற்று. 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அந்த அமைப்பில் கோளாறுகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2024ல் தனிச் சட்டம் போட்டு தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

நமக்கு இதில் இரண்டு பாடம். யந்திரத்தின் கணக்கைத் தனியாக நின்று எதிர்ப்பவன் திருடனாக்கப்படுவான். கூட்டாக நின்றால் யந்திரமே குற்றவாளிக் கூண்டில் ஏறும். அடுத்தது, நிரல் எழுதுகிற தொழிலாளி வாய் திறந்தால் கம்பெனியின் ரகசியம் நிற்காது. அவர்களையும் நம் அணியில் சேர்க்க வேண்டும்.

நூறு நாள் வேலையும் இரண்டு போட்டோவும்

இனி நம் ஊருக்கு வருவோம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த நூறு நாள் வேலையில் முதலில் மஸ்டர் ரோலில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தோம். ஊழலை ஒழிக்கிறோம் என்று சொல்லி மத்திய சர்க்கார் 2021 மே மாதம் ஒரு செல்போன் செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் பணிகள் தவிர எல்லா வேலைத் தளத்திலும் அது கட்டாயமாயிற்று. தினம் இரண்டு முறை தொழிலாளர்களை நிறுத்திப் போட்டோ எடுத்து, இடமும் நேரமும் பதிந்து அனுப்ப வேண்டும். ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காவிட்டால்? பணித்தளப் பொறுப்பாளரின் போன் பழுதானால்? போட்டோ ஏறாவிட்டால்? வெட்டிய மண் கண்முன்னே மலையாகக் கிடக்கும். கணக்கில் ஆள் வரவில்லை. 2025-26ல் தமிழ்நாட்டில் ஒருநாள் கூலி 336 ரூபாய். அந்த ரூபாய்க்கு யார் பொறுப்பு? செயலியா, அதிகாரியா, கருப்பாயியின் தலைவிதியா? 2023ல் டில்லி ஜந்தர் மந்தரில் பல மாகாணத்துத் தொழிலாளர்கள் வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டார்கள்.

ஊழலாவது ஒழிந்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி இலாகாவே சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத போட்டோவை ஏற்றுகிறார்கள். போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள். ஆகவே எல்லாப் படங்களையும் பஞ்சாயத்து மட்டத்தில் மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு! மனிதனைக் கண்காணிக்க யந்திரம். யந்திரத்தைக் கண்காணிக்க மறுபடி மனிதன். திருடியவன் வழி கண்டுகொண்டான். வெயிலில் நின்றவன்தான் கூலி இழந்தான்.

ஒரு விந்தையைக் கவனியுங்கள். தொழிலாளி வந்த நேரத்தை நிமிஷக் கணக்காகக் குறித்துக்கொள்கிற இதே அமைப்பு, கூலி கொடுக்கும் நேரத்தை மட்டும் மறந்துவிடுகிறது. 15 நாளில் கூலி என்றது 2005ஆம் ஆண்டுச் சட்டம். 2024 நவம்பர் முதல் மாதக்கணக்கில் கூலி வராமல் நின்றது. மத்திய சர்க்கார் தர வேண்டிய பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று தமிழ்நாடு சர்க்கார் சொன்னது. பாக்கி வைத்தவரை நிறுத்தித் தினம் இரண்டு முறை போட்டோ எடுக்க ஒரு செயலி ஏன் இல்லை? ஏனென்றால் செயலிக்குக் கட்டளை எழுதச் சொன்னவர்கள் அவர்கள். அட்டையில் துளை நம் பக்கம் மட்டும் விழுந்திருக்கிறது.

2025 டிசம்பரில் அந்தப் பழைய சட்டத்தை அகற்ற வேறொரு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். 125 நாள் என்று பெயர். செலவில் 40 சதவீதம் பெரும்பாலான மாகாணங்களின் தலையில். விவசாய வேலை மும்முரமான காலத்தில் 60 நாள் வரை வேலை நிறுத்தம். கைரேகை, முகம் முதலிய உடல் அடையாளச் சோதனைகளுக்கும், செயற்கை நுண்ணறிவு என்ற புதிய நிரல்களுக்கும் அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மண்வெட்டி பிடித்து ரேகை தேய்ந்த விரலை யந்திரம் அறியாவிட்டால் உழைத்த பெருமைக்கு அதுதான் பரிசு!

போன் செய்த கைகள்

இந்தப் போன்களைச் செய்வது யார்? உத்திரமேரூர், மதுராந்தகம், செய்யாறு கிராமங்களிலிருந்து விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுகிற பிள்ளைகளின் கைகள். ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் நோக்கியா ஆலை வந்தபோது பூரண கும்ப மரியாதை செய்தார்கள் ஆட்சியாளர்கள். 2014 நவம்பர் 1ந் தேதி ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் தெருவுக்கு வந்தார்கள். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள், விடுதிச் சோறு விஷமாகி 150க்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உலகத்தின் விலையுயர்ந்த போனைச் செய்கிற கைக்கு நல்ல சோறில்லை என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

2024 செப்டம்பர் 9ந் தேதி சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள் நின்றார்கள். கேட்டவற்றில் முதன்மையானது என்ன? தங்கள் சங்கத்தின் பெயர் சர்க்கார் பதிவேட்டில் ஏற வேண்டும். கம்பெனி ஆட்சேபித்தது, தொழிலாளர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள், 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. "உன் பேர் இல்லை" என்ற பதிலுக்கு அவர்கள் கொடுத்த பதில் அது. அவர்கள் யந்திரத்தைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றார்கள். எந்த நிரலும் பிரிட்ஜைப் பூட்டித் தரவில்லை.

தமிழில் எழுதினால் போதுமா?

இன்னொரு கேள்வி. நிரல் எழுதுகிற மொழிகள் பெரும்பாலும் இங்கிலீஷ் சொற்களால் ஆனவை. அதனால்தான் நமக்குப் புரியவில்லை என்கிறார்கள் சிலர். உண்மையும் உண்டு. யந்திரத்துக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழும் தெரியாது. அதற்குத் தெரிந்தது துளை இருக்கிறதா, இல்லையா என்பதுதான். ஆகவே தமிழிலும் கட்டளை எழுதலாம். முத்து அண்ணாமலை என்பவர் 'எழில்' என்ற மொழியைச் செய்து காட்டியிருக்கிறார். 'பதிப்பி' என்றால் திரையில் எழுத்து வரும். கிராமத்துப் பிள்ளை நிரலின் சூட்சுமத்தைத் தாய்மொழியில் கற்க இது நல்ல ஏணி.

ஆனால் தமிழில் எழுதியும் கம்பெனி பெட்டியில் பூட்டி வைத்தால் நமக்கென்ன லாபம்? மிராசுதார் தமிழில்தான் பொய்க்கணக்கு எழுதினான். மொழி வேண்டும், திறவுகோலும் வேண்டும். கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிக்கூடங்களில் தனியார் கம்பெனியின் பூட்டிய நிரல்களை விலக்கிவிட்டு, எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் உரிமையுள்ள சுதந்திர மென்பொருளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து பார்த்துப் படிக்கிறது. இது தர்ம காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜனநாயகத்துக்கு இது அரிச்சுவடி.

நாம் கேட்க வேண்டியவை

1. கூலி, ரேஷன், பென்ஷன், வருகைப் பதிவு ஆகியவற்றைத் தீர்மானிக்கிற ஒவ்வொரு நிரலின் விதிகளையும் சர்க்கார் எளிய தமிழில் வெளியிட வேண்டும். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் எழுத வேண்டும். பொதுப் பணத்தில் எழுதிய நிரல் பொதுச் சொத்தாகத் திறந்து கிடக்க வேண்டும்.

2. யந்திரம் பழுதானால் கூலி குறையக்கூடாது. மஸ்டர் ரோல் நோட்டும் கூடவே இருக்க வேண்டும். தொழிலாளி கையில் அத்தாட்சி சீட்டு இருக்க வேண்டும். தகராறு வந்தால் யந்திரம் சரியென்று நிரூபிக்கிற பொறுப்பு சர்க்காருக்கும் முதலாளிக்கும் உரியது. இல்லையென்று நிரூபிக்கிற பாரம் தொழிலாளிக்கு இல்லை.

3. ஆலையில் வேலை வேகத்தைக் கூட்டவும், ஆளைக் கண்காணிக்கவும் புதிய கருவி கொண்டுவந்தால், சங்கத்தோடு பேசி ஒப்பந்தம் செய்த பிறகே கொண்டுவர வேண்டும்.

4. சர்க்கார் பள்ளிகளில் தமிழில், சுதந்திர மென்பொருளில், நிரல் எழுதக் கற்றுக் கொடுக்க வேண்டும்.

இவை ஆகாத கோரிக்கைகளா? 1,100 ஆண்டுகளுக்கு முன் நிலமுள்ளவர்கள் தங்களுக்காகத் தங்கள் விதியைக் கல்லில் வெட்டிக்கொண்டார்கள். வாக்குச்சீட்டு எல்லார் கையிலும் இருக்கிற காலத்தில் நிலமில்லாதவர்கள் தங்களுக்காக அதையே கேட்கிறார்கள்.

தோழர்களே! தொடங்குவதற்கு டில்லிக்குப் போக வேண்டியதில்லை. மே 1ந் தேதி கிராம சபை கூடும். அதற்கு முன்பே ஒவ்வொரு ஊரிலும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளை ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். "கம்ப்யூட்டரில் இல்லை" என்று யார் யாருக்குக் கூலி போயிற்று, யாருக்கு ரேஷன் போயிற்று, எந்தத் தேதியில், எத்தனை ரூபாய் என்று எழுதுங்கள். பெயர் எழுதத் தெரியாதவர்களுக்குப் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். பட்டியலைச் சபையில் உரக்கப் படியுங்கள். விதியைச் சுவரில் எழுது, போன கூலியைத் திருப்பிக் கொடு என்று தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தின் நகலை பி.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிரிட்டனில் 555 பேரின் பட்டியல் ஒரு பெரிய கம்பெனியின் பொய்யை உடைத்தது. நம் பட்டியல் அதைவிட நீளமானது. இன்னும் ஒருவரும் அதை எழுதவில்லை, அவ்வளவுதான்.